வெளிநாட்டுக் கச்சேரிப் பயணமா, பெற்றோர் காசில் ஊர்சுற்றலா?

4 ஆகஸ்ட் 2024, மாலை: கேட்டவர்

பையனுக்கு 14 வயது, கிளாரினெட். அவன் வாசிக்கும் இளையோர் ஆர்க்கெஸ்ட்ரா அடுத்த கோடையில் இங்கிலாந்திலிருந்து ஜெர்மனிக்குப் போகிறதாம். பத்து நாள், ஐந்து கச்சேரி. முன்பணம் கட்டச் சொல்லி மின்னஞ்சல் வந்திருக்கிறது. என் கட்சி இதுதான்: இது இசை இல்லை. பஸ்ஸில் ஏறி இறங்கி, நாலு தேவாலயம் பார்த்து, ஏற்கெனவே தெரிந்த மூன்று உருப்படியை ஐந்து தடவை வாசித்துவிட்டு வருவது. புதிதாக ஒன்றும் கற்கப்போவதில்லை. அந்தப் பணத்துக்கு ஒரு வருடம் தனிப்பாடம் வைக்கலாம். போய் வந்தவர்கள் இருந்தால் மறுத்துச் சொல்லுங்கள்.

4 ஆகஸ்ட், இரவு 11.10

அப்படி ஒரு பயணத்திலிருந்து திரும்பி ஆறு நாள்தான் ஆகிறது. நான் வாசிக்கப் போகவில்லை, தலை எண்ணப் போனேன். மகள் வாசிப்பது வியோலா (வயலினைவிடக் கொஞ்சம் பெரியது), துணைக்குப் போன பெற்றோர்களில் நான் ஒருவன். 68 பிள்ளைகள், இரண்டு பஸ், வாத்தியங்களுக்கு ஒரு லாரி. பித்தளைக் காற்றுவாத்தியப் பையன்கள் என் பொறுப்பு. அனுதாபம் தெரிவிக்க விரும்புகிறவர்கள் தெரிவிக்கலாம்.

"ஊர்சுற்றல்" என்பதைப் பாதி ஒத்துக்கொள்கிறேன். மீதி நாளைக்கு, கண் சொக்குகிறது.

5 ஆகஸ்ட், காலை

ஒத்துக்கொண்ட பாதியை முதலில் சொல்லிவிடுகிறேன். பயணத்தை நடத்துவது கண்டக்டர் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். (டிக்கெட் கிழிப்பவர் இல்லை, குச்சி வைத்திருப்பவர். டிரைவரும் கண்டக்டரும் முன் சீட்டில் அக்கம்பக்கமாக உட்கார்ந்து போனதைப் பார்த்து எனக்கு மட்டும் சிரிப்பு வந்தது, விளக்கிச் சொல்ல அந்த பஸ்ஸில் தமிழ் ஆள் இல்லை. மகள் இருந்தாள், ஆனால் என்னைத் தெரியாத மாதிரி உட்கார்ந்திருந்தாள்.)

உண்மையில் நடத்துவது டாக்கோகிராஃப். டிரைவருக்கு முன்னால் இருக்கும் சின்னப் பெட்டி. வண்டி ஓடியது, நின்றது எல்லாம் அதில் பதிவாகும். ஐரோப்பிய விதிப்படி நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் நிறுத்த வேண்டும். ஒரு நாளைக்கு 9 மணி நேரம்தான் ஓட்டலாம், வாரத்தில் இரண்டு நாள் மட்டும் 10. இரவு ஓய்வு 11 மணி நேரம். கச்சேரி முடிந்து, நாற்காலி அடுக்கி, விடுதிக்கு வந்து சேர இரவு 11 ஆனால் மறுநாள் காலை 10 மணி வரை பஸ் அசையாது. அந்த ஒரு கணக்கில் எங்கள் ஐசனாக் நிகழ்ச்சி கரைந்தது. இசையமைப்பாளர் பாக் 1685ல் பிறந்த ஊர். அவர் பெயரில் உள்ள அருங்காட்சியகத்தில் பழைய விசைப்பலகை வாத்தியங்களை வாசித்தே காட்டுவார்கள். நாங்கள் பார்த்தது அதன் வாசலையும் கழிப்பறையையும்.

கச்சேரி முடிந்து ஜனங்கள் கைதட்டும்போது கூடுதலாக ஒன்று வாசிப்பதா இரண்டா என்பதையும் கைதட்டல் தீர்மானிக்கவில்லை. இரண்டாவது ஊரில் டிரைவர் பின்னால் நின்று கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். மேடையிலிருந்து கண்டக்டர் அதைப் பார்த்தார். முதல் வயலினை நோக்கி ஒரே ஒரு விரலைத் தூக்கினார். அவ்வளவுதான்.

5 ஆகஸ்ட், இரவு

இப்போது மறுக்கும் பாதி. "மூன்று உருப்படியை ஐந்து தடவை" என்கிறீர்கள். அப்படி நடக்கவே இல்லை.

எங்கள் நிரலில் மூன்று இசையமைப்பாளர்கள்: மெண்டல்சனின் ஹெப்ரிடீஸ் முன்னிசை, எல்கரின் எனிக்மா வேரியேஷன்ஸ் (ஒரே மெட்டின் பல மாறுபாடுகள்), இடைவேளைக்குப் பிறகு ட்வோர்ஷாக்கின் எட்டாம் சிம்பொனி. ட்வோர்ஷாக்கை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அதன் நாலாம் பகுதி இரண்டு டிரம்பெட்டின் முழக்கத்தோடு ஆரம்பிக்கும். அது அடங்கி, டிம்பனி முரசு மெதுவாகத் தட்டி ஓய்ந்ததும், செல்லோக்கள் (காலிடையில் நிறுத்தி வாசிக்கும் பெரிய வயலின் மாதிரி) தணிந்த குரலில் பாட்டை எடுப்பார்கள். மாதக்கணக்கில் ஒத்திகை பார்த்தது ஒரு பள்ளிக்கூட அறையில். தரையில் கம்பளம், சுவரில் துணிப் பலகை. ஒலி பட்ட இடத்திலேயே விழுந்துவிடும். முழக்கம் முடிந்த மறுகணமே செல்லோ எடுத்துப் பழகிவிட்டார்கள்.

முதல் கச்சேரி துரிங்கியா மாநிலத்தில் ஒரு கல் தேவாலயத்தில். மதியம் காலியாக இருந்தபோது நடுவில் நின்று ஒருமுறை கைதட்டிப் பார்த்தேன். ஒலி நாலு நொடிக்கு மேல் நின்றது. நல்ல கச்சேரி அரங்கில் இரண்டு நொடி இருக்கும். கொலோன் கதீட்ரல் மாதிரி மலை போன்ற கட்டடத்தில் பத்தைத் தாண்டும். அன்று இரவு முழக்கம் முடிந்தது, செல்லோக்கள் வழக்கம்போல எடுத்தார்கள். வில் போய் வருவது தெரிகிறது, ஒன்றும் கேட்கவில்லை. டிரம்பெட் இன்னும் கூரையில் சுற்றிக்கொண்டிருக்கிறது. எட்டுப் பேரும் மீன்தொட்டிக்குள் உட்கார்ந்து வாசிக்கிற மாதிரி இருந்தது. ஏழெட்டு ஸ்வரம் கடந்த பிறகுதான் பாட்டின் வால் என் காதுக்கு வந்தது.

இரண்டாவது ஊர் நேர்மாறு. பள்ளி அரங்கு, கனத்த திரை, மெத்தை நாற்காலி. வயலின் பின்வரிசையில் ஒரு பெண் தவறி எடுத்த ஒற்றை ஸ்வரம் கடைசி வரிசையில் எனக்குக் கேட்டது. தேவாலயத்தில் நாலு நொடி ஒலி மூடி மறைத்த அழுக்கு எல்லாம் இங்கே வெளியே தெரிந்துவிட்டது. பிள்ளைகள் முகம் வெளிறி இறங்கி வந்தார்கள்.

மூன்றாவது ட்ரெஸ்டன் அருகே. அதைத் தனியாக எழுதுகிறேன். நாலாவது பூங்காவில் திறந்த மேடை, மேலே சிப்பி மாதிரி ஒரு கூரை. காற்று. தாள் பறந்தது. ஒலியும் பறந்தது, வலப்பக்கம் இருப்பவர்களுக்கு இடப்பக்கம் வாசிப்பது கேட்கவே இல்லை.

ஐந்தாவது பெர்லின் புறநகரில் ஒரு செங்கல் தேவாலயம், மறுபடி நீண்ட ஒலி. நாலாம் பகுதி. முழக்கம் முடிந்தது, டிம்பனி ஓய்ந்தது. செல்லோக்கள் எடுக்கவில்லை. முதல் செல்லோப் பெண் வில்லை நரம்பின் மேல் வைத்தபடி நிமிர்ந்து கூரையைப் பார்த்தாள். மேலே ஒன்றும் இல்லை. கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசித் துளி போன பிறகு எடுத்தாள், மற்ற ஏழு பேரும் கூடவே.

தனிப்பாடத்தில் இது வராது. தனிப்பாடம் நடக்கும் அறை மாறுவதே இல்லை. சின்ன வயதில் ஆறு வருடம் கர்நாடக வயலின் கற்றவன் நான். நமக்குத் தம்புரா ஓடிக்கொண்டே இருக்கும், அதற்குள் உட்கார்ந்து வாசிப்போம். இவர்களுக்கு அறைதான் தம்புரா.

(கடைசி வரியை மகளிடம் படித்துக் காட்டினேன். "அப்பா, ப்ளீஸ்" என்றாள்.)

6 ஆகஸ்ட்

"அறைக்குத் தகுந்தபடி மாற்றுவது கண்டக்டர் வேலை, பிள்ளைகள் குச்சியைப் பார்த்து வாசித்தால் போதும்" என்று ஒருவர். கடைசி மேசையில் (இரண்டு பேருக்கு ஒரு நோட்டுத் தாங்கி, அதைத்தான் மேசை என்பார்கள்) இருக்கும் வியோலாவுக்கும் மேடை ஓரத்து டிரம்பெட்டுக்கும் நடுவே பத்துப் பதினைந்து மீட்டர். ஒலி அதைக் கடக்கவே ஒரு நொடியில் இருபத்தைந்தில் ஒரு பங்கு போல ஆகும். குச்சியைப் பார்ப்பதா, காதில் விழுவதை நம்புவதா என்ற சண்டை எப்போதும் உண்டு. அறை மாறினால் அந்தச் சண்டையில் ஜெயிப்பது எது என்பதும் மாறும்.

6 ஆகஸ்ட், சற்று நேரம் கழித்து

பெர்லின் பற்றி ஒரு விஷயம் விட்டுப்போனது. எனிக்மாவின் கடைசிப் பகுதியில் எல்கர் ஆர்கனையும் எழுதியிருக்கிறார், விரும்பினால் சேர்க்கலாம் என்று. அந்தத் தேவாலயத்தில் நல்ல ஆர்கன் இருந்தது. பிள்ளைகளுக்கு ஒரே குஷி. மதியம் ஆர்கனில் ஒரு ஏ ஸ்வரம் கேட்டு, ஓபோ என்ற குழல் வாசிப்பவள் வாசித்துப் பார்த்தாள், ஒட்டவில்லை. என் போனில் இருந்த கருவி 447 ஹெர்ட்ஸ் (நொடிக்கு அத்தனை அதிர்வு) காட்டியது. நாங்கள் ஏ ஸ்வரத்தை வைப்பது 440. ஜெர்மன்காரர்கள் ஸ்ருதியை உயரமாகத்தான் வைப்பார்கள், அங்கே பெரிய ஆர்க்கெஸ்ட்ராக்கள் 443ல் வாசிப்பது வழக்கம். வயலின்கள் முறுக்கி ஏற்றிவிடலாம், ஓபோவும் கிளாரினெட்டும் அவ்வளவு ஏற முடியாது. ஆர்கன் இல்லாமலே முடித்தார்கள்.

7 ஆகஸ்ட்: விசா, காகிதம், முக்காலி

கேட்டவருக்கு உண்மையில் உதவக்கூடிய குறிப்பு இதுதான் என்று நினைக்கிறேன், மற்றதெல்லாம் என் புலம்பல்.

எனக்கும் மகளுக்கும் இந்தியப் பாஸ்போர்ட். பிரிட்டனில் குடியிருந்தாலும் ஷெங்கன் விசா (ஜெர்மனி உள்ளிட்ட பல ஐரோப்பிய நாடுகளுக்கான பொது விசா) வேண்டும். 68 பேரில் மூன்று பிள்ளைகளுக்கு இந்தத் தலைவலி, மற்றவர்கள் "ஓ, உனக்கு விசா எல்லாம் வேணுமா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்கள். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். நான் மே வரை தூங்கினேன். அப்புறம் சந்திப்பு நேரத்துக்காக மூன்று வாரம் விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து திரையைப் புதுப்பித்துக்கொண்டே இருந்தேன். நான் கட்டியபோது கட்டணம் 80 யூரோ, ஜூன் 11 முதல் 90. பிறகுதான் தெரிந்தது: லாபநோக்கற்ற அமைப்பின் சார்பில், இன்னொரு லாபநோக்கற்ற அமைப்பு நடத்தும் கலை நிகழ்ச்சிக்குப் போகும் 25 வயது வரையிலானவர்களுக்கு அந்தக் கட்டணமே கிடையாது, விசா விதித்தொகுப்பிலேயே இருக்கிறது. அழைப்புக் கடிதத்தில் அனுப்புகிறவர், அழைக்கிறவர் இரண்டு தரப்பும் லாபநோக்கற்ற அமைப்பு என்று தெளிவாக எழுதி வாங்குங்கள். நான் வாங்கவில்லை. மகளுக்குக் கட்டிய 80 யூரோவுக்கு ஒரு நிமிட மௌனம்.

அடுத்தது லாரி. பிரிட்டன் 2021 ஜனவரியில் ஐரோப்பிய ஒன்றியத்தின் சுங்க எல்லைக்கு வெளியே வந்துவிட்டதால், லாரியில் தனியாகப் போன டிம்பனி, டபுள் பேஸ், ஹார்ப் எல்லாவற்றுக்கும் ஏடிஏ கார்னே என்ற பத்திரம். "இதெல்லாம் விற்பனைக்கு இல்லை, கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவருவோம்" என்ற உறுதிமொழி, ஒரு வருடம் செல்லும். ஒவ்வொரு பொருளுக்கும் எண், எடை, மதிப்பு. போகும்போது ஒரு முத்திரை, வரும்போது ஒரு முத்திரை. அதில் ஒரு வரி: டபுள் பேஸ் ஸ்டூல், 4.

பெர்லினில் சாமான் ஏற்றும்போது எண்ணினால் 3. நாலாவது, பூங்கா மேடையில் நின்றுகொண்டிருக்கிறது. புது ஸ்டூல் ஒன்று அங்கேயே வாங்கி வைத்துவிடலாமே என்று ஒரு தகப்பனார் யோசனை சொன்னார். பட்டியலில் ஸ்டூலின் நிறம், உயரம் முதற்கொண்டு எழுதிவைத்திருந்த புண்ணியவான் நான்தான். கொண்டுபோனது திரும்பி வரவில்லை என்றால் அங்கேயே விட்டதாகக் கணக்கு, வரி கேட்பார்கள், அதைவிட அடுத்த வருடம் கேள்வி கேட்பார்கள். ஒரு கால் ஆடும் அந்த ஸ்டூலுக்காக லாரி 90 கிலோமீட்டர் திரும்பிப் போனது. அதற்கு அன்றிரவு பெற்றோர்கள் வைத்த பெயரை இங்கே எழுத முடியாது.

7 ஆகஸ்ட், இரவு: திருத்தம்

டிரைவரின் ஓய்வு பற்றி நான் எழுதியது முழுக்கச் சரியில்லை. 11 மணி நேரம்தான் விதி, ஆனால் ஒரு வாராந்தர ஓய்வுக்கும் அடுத்த வாராந்தர ஓய்வுக்கும் நடுவில் மூன்று தடவை அதை 9 ஆகக் குறைத்துக்கொள்ளலாம். எங்கள் டிரைவரும் குறைத்தார். அந்த மூன்றையும் முதல் நாலு நாளிலேயே செலவழித்துத் தீர்த்தது நாங்கள். ஐசனாக் கழிப்பறைக்குக் காரணம் விதி இல்லை, எங்கள் சமர்த்து.

9 ஆகஸ்ட்

"லைப்சிக்குக்கே மெண்டல்சனைக் கொண்டுபோனீர்களா?" என்று ஒருவர் சிரிக்கிறார். ஆமாம், கொல்லத் தெருவில் ஊசி விற்ற கதைதான். 1835லிருந்து லைப்சிக்கின் கெவாண்ட்ஹவுஸ் ஆர்க்கெஸ்ட்ராவை நடத்தியவர், 1843ல் அங்கே இசைக் கல்லூரி தொடங்கியவர், 1847ல் அங்கேயே இறந்தவர். ஆனால் ஹெப்ரிடீஸ் எங்கள் பக்கத்துச் சரக்கும் கூட. ஸ்காட்லாந்துக் கடலோரத்தில் 1829ல் அவர் ஊர்சுற்றியபோது முளைத்தது, 1832ல் லண்டனில் அரங்கேறியது. ஊர்சுற்றலுக்கு எதிராகப் பேசுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அவருக்கு அப்போது 20 வயது.

அங்கே தோமஸ் தேவாலயத்துக்கு அருகில் அவர் சிலை இருக்கிறது. பிள்ளைகள் அதன் காலடியில் உட்கார்ந்து சாண்ட்விச் தின்றார்கள். இப்போது நிற்பது 2008ல் வைத்த பிரதி. மூலச்சிலையை நாஜிகள் 1936 நவம்பரில் இரவோடு இரவாக அகற்றினார்கள், அவர் யூதக் குடும்பத்தில் பிறந்தவர் என்பதால். அந்த வாரம் லைப்சிக்கில் யார் இருந்தார்கள் தெரியுமா? லண்டன் ஃபில்ஹார்மோனிக் ஆர்க்கெஸ்ட்ரா, தாமஸ் பீச்சம் தலைமையில், ஜெர்மனிப் பயணத்தில். சிலைக்கு மலர்வளையம் வைக்கப் போனவர்களுக்கு அங்கே சிலையே இல்லை. அதே பயணத்தில் சில நாள் கழித்து லுட்விக்ஸ்ஹாஃபனில் அவர்கள் வாசித்ததைத்தான் காந்த நாடாவில் முதன்முதலாகப் பதிந்த முழு ஆர்க்கெஸ்ட்ராக் கச்சேரி என்று சொல்வார்கள். கச்சேரிப் பயணத்தில் என்னதான் நடக்காது!

இதை பஸ்ஸில் மைக் பிடித்துச் சொன்னேன். பாதிப் பேர் காதில் ஏதோ மாட்டியிருந்தார்கள்.

9 ஆகஸ்ட், தொடர்ச்சி

ஊர்சுற்றலுக்கு இன்னொரு சாட்சி, இதைவிட நல்லது. 1705. ஆர்ன்ஷ்டாட் என்ற துரிங்கிய ஊரில் 20 வயது ஆர்கன் வாசிப்பாளர். வடக்கே லூபெக் ஊரில் புக்ஸ்டெஹூட என்ற ஆர்கன் மேதை வாசிப்பதைக் கேட்க வேண்டும் என்று நாலு வாரம் விடுப்பு வாங்குகிறார். ஏறத்தாழ 400 கிலோமீட்டர், நடந்து. கிட்டத்தட்ட நாலு மாதம் கழித்துத் திரும்பி வருகிறார். தேவாலய மேலிடம் கூப்பிட்டு விசாரிக்கிறது. விடுப்பை மீறியது ஒரு புகார். அடுத்த புகார்: திரும்பி வந்த பிறகு பிரார்த்தனைப் பாட்டுக்கு நடுவே விநோதமான ஸ்வரங்களைக் கலக்கிறார், ஜனங்கள் குழம்பிப்போகிறார்கள்.

அந்தப் பையன் பாக். போய் வந்ததால் வாசிப்பு மாறியது என்பதற்கு விசாரணை ஆவணமே இருக்கிறது. தனிப்பாடம் வைத்திருந்தால் விடுப்புப் பிரச்சினை வந்திருக்காது, சரிதான்.

10 ஆகஸ்ட்

ட்ரெஸ்டன். எழுதுவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

எனிக்மாவில் 14 வேரியேஷன். ஒன்பதாவது நிம்ராட். பிரிட்டனில் அது வெறும் இசை இல்லை. நவம்பரில் போரில் இறந்தவர்களை நினைவுகூரும் நாளில் லண்டன் நினைவுத்தூண் முன்னால் வாசிப்பது அது. பிரிட்டிஷ் விமானங்கள் 1945 பிப்ரவரியில் எரித்த ஊரில் பிரிட்டிஷ் பிள்ளைகள் போய் அதை வாசிப்பதா? கச்சேரிக்கு முந்தின இரவு விடுதி வராந்தாவில் பெற்றோர்களுக்குள் வாக்குவாதம். அது மட்டும் வேண்டாம் என்ற கட்சியில் நான் இருந்தேன், சத்தமாகவே இருந்தேன். கண்டக்டர் கேட்டுவிட்டு, "நடுவிலிருந்து ஒன்றை உருவ முடியாது" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போனார்.

காலையில் ஃப்ராவன்கிர்ஷ தேவாலயத்துக்குக் கூட்டிக்கொண்டு போனோம். குண்டுவீச்சுக்குப் பிறகு பிப்ரவரி 15ல் சரிந்தது. பல பத்தாண்டுகள் கல்குவியலாகக் கிடந்து, 2005 அக்டோபரில் மறுபடி திறந்தது. பழைய கற்கள் கறுப்பாக, புதியவை வெளிர்மஞ்சளாக, சுவர் முழுக்கப் புள்ளி புள்ளியாக இருக்கும். உச்சியில் பொன்முலாம் பூசிய சிலுவை. அதைச் செய்தவர் ஆலன் ஸ்மித் என்ற லண்டன் பொற்கொல்லர். அவர் அப்பா அந்தக் குண்டுவீச்சில் விமானம் ஓட்டியவர். அங்கே என் பித்தளைப் பையன்கள் ஐந்து நிமிடம் சும்மா நின்றார்கள். ஐந்து நிமிடம் என்பது அவர்களைப் பொறுத்தவரை ஒரு யுகம்.

இரவு கச்சேரி. எட்டாவது வேரியேஷன் முடியும்போது எல்லாரும் நிறுத்திவிடுவார்கள், முதல் வயலின்கள் மட்டும் ஒரே ஒரு ஜி ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள். மெல்லிய நூல் மாதிரி. அந்த நூலின் அடியில்தான் நிம்ராட் காதுக்கு எட்டாத அளவில் தொடங்கும். அந்த நூல் அறுந்துவிடுமோ என்று எனக்குப் பயம், பின்வரிசைப் பிள்ளைகளின் வில் நடுங்குவது தெரிந்தது. அறுந்துபோகவில்லை. இரண்டாவது வரிசையில் எண்பது வயதுக்கு மேலிருக்கும் ஒரு பாட்டி. நான் பிள்ளைகளை விட்டுவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணீரை எதிர்பார்த்தேன் என்றுதான் சொல்ல வேண்டும், வெட்கமாக இருக்கிறது.

முடிந்ததும் அவர் நிரல் தாளோடு நேராக என் டிரம்பெட் பையனிடம் வந்தார். நிம்ராட் எல்கரின் ஜெர்மன் நண்பர் யேகருக்காக எழுதியது என்று தாளில் அச்சிட்டிருந்தது. பாட்டி அதில் விரல் வைத்து "யேகர்!" என்றார். பிறகு ஒற்றைக் கண்ணை மூடி, துப்பாக்கி தூக்கிக் குறிபார்க்கிற மாதிரி கைகளை வைத்துக்கொண்டு, விழுந்து விழுந்து சிரித்தார். பையன் ஓரடி பின்வாங்கினான். யேகர் என்றால் ஜெர்மனில் வேட்டைக்காரன்; நிம்ராட் பைபிளில் வரும் வேட்டைக்காரன். எல்கர் 1899ல் வைத்த சிலேடை. எங்கள் 68 பேரில் ஒருவருக்கும் அது சிரிப்பாகத் தோன்றியதில்லை.

12 ஆகஸ்ட்

ஆர்கன் பற்றி நான் எழுதியது தப்பு. இயற்பியல் ஆசிரியர் ஒருவர் திருத்தியிருக்கிறார், நன்றி. ஜெர்மன் வழக்கம் காரணமில்லை, வெயில். சூடான காற்றில் ஒலியின் வேகம் கூடும், குழாயின் நீளம் மாறுவதில்லை, அதனால் ஸ்ருதி ஏறும். ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ முக்கால் ஹெர்ட்ஸ். 18 டிகிரியில் 440க்குச் சேர்த்த ஆர்கன் 27 டிகிரியில் தானாகவே 447க்குப் பக்கத்தில் போய் நிற்கும். நாங்கள் போன வாரம் ஆர்கன் இருந்த மாடம் அடுப்பு மாதிரி இருந்தது. ஒரு நாட்டையே குற்றம் சொல்லிவிட்டேன், தெர்மாமீட்டரைப் பார்த்திருக்க வேண்டும்.

13 ஆகஸ்ட்

மகள் இதையெல்லாம் படித்துவிட்டாள். தட்டச்சு செய்கிறேன், அவள் சொன்னபடியே:

"செல்லோ வெயிட் பண்ணது நாங்களா கத்துக்கிட்டது இல்லப்பா. நாலாவது நாள் பஸ்ல சார் பின்னாடி வந்து சொன்னார், டிரம்பெட் முடிஞ்சதும் மனசுக்குள்ள நாலு எண்ணுங்கன்னு. அவ மேல பார்த்தது கேக்கறதுக்கு இல்ல. உள்ள ஒரு புறா வந்துடுச்சு."

புறாவா என்று கேட்டேன். புறாதான் என்றாள். செல்லோப் பெண்ணிடமும் கேட்டுச் சொல்லியிருக்கிறாள்.

என் ஆகஸ்ட் 5 குறிப்பை அழிக்கலாமா என்று பார்த்தேன். இருக்கட்டும், மறுமொழிகள் அதைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கின்றன. அறையும் தம்புராவும் மட்டும் எடுத்துவிடலாம் என்று மகள் சொல்கிறாள்.

13 ஆகஸ்ட், இரவு

"அப்படியானால் உன் மகள் கற்றது என்ன?" நியாயமான கேள்வி. அவளிடமே கேட்டேன். மேசையைப் பகிர்ந்துகொள்பவள் தூங்கி வழியும்போது சத்தமில்லாமல் பக்கம் புரட்டக் கற்றேன் என்றாள். ஜெர்மன் இளையோர் விடுதியில் படுக்கை விரிப்பை நாமேதான் மாட்ட வேண்டும், அதைக் கற்றேன் என்றாள். வீட்டில் அதற்கான தடயம் ஏதும் இல்லை.

நான் பார்த்தது ஒன்று, இதற்கு அர்த்தம் சொல்லமாட்டேன், புறா அனுபவம் போதும். வந்த மறுநாளிலிருந்து பயிற்சிக்கு முன் அவள் அறைக் கம்பளத்தைச் சுருட்டி வெளியே வைக்கிறாள். துணி அலமாரிக் கதவு திறந்திருந்தால் சாத்துகிறாள். எனிக்மாவில் ஆறாவது வேரியேஷன், எல்கர் தம் வியோலா மாணவிக்கு எழுதியது, ஒரு நரம்பிலிருந்து இன்னொரு நரம்புக்குத் தாவும் பயிற்சியை வைத்துக் கட்டியது. அதில் வரும் தனி வியோலா முதல் மேசைக்குத்தான் கிடைக்கும். மகள் மூன்றாவது மேசை. அந்தத் தாவலைத்தான் தினமும் வாசிக்கிறாள். கம்பளம் வராந்தாவில் கிடக்கிறது, நான் இரண்டு தடவை தடுக்கி விழுந்தேன்.

21 ஆகஸ்ட்

கேட்டவர் முன்பணம் கட்டிவிட்டாராம். "மனசு மாறவில்லை, பையன் அழுதான்" என்கிறார். கிளாரினெட்டுக்கு என்னென்ன வேண்டும் என்று கேட்கிறார்.

மரக் கிளாரினெட் ஆப்பிரிக்கக் கருமரம், டால்பெர்ஜியா இனம். 2017 ஜனவரியில் அதைப் பாதுகாக்கப்பட்ட மரப் பட்டியலில் சேர்த்தபோது எல்லாரும் பயந்தார்கள். 2019 நவம்பர் 26லிருந்து செய்து முடித்த வாத்தியங்களுக்கு விலக்கு உண்டு, காகிதம் வேண்டாம். வாத்தியத்தை பஸ் ஜன்னலோரம் வெயிலில் வைக்கவிடாதீர்கள், மரத்தில் விரிசல் விழும். ரீட் (வாயில் வைத்து ஊதும் மெல்லிய நாணல் பட்டை) அவன் சொல்வதைப்போல இரண்டு மடங்கு.

அப்புறம், திறந்தவெளிக் கச்சேரிக்குத் துணி மாட்டும் கிளிப், எட்டு. மேலே இரண்டு, கீழே இரண்டு. மீதி நாலு, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் கொண்டுவந்திருக்கமாட்டான்.